பலகைக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த நாட்களைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, கணினிக்காரர்கள் சொல்லும் ‘ஹேக்கர்’ என்ற சொல் நிஜ ரயிலைச் சிறிய அளவில் செய்து ஓட்டும் ஒரு கிளப்பிலிருந்து வந்தது என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். திருச்சியில் நாங்கள் நான்கு பேர் இந்த ரயில் பைத்தியம் பிடித்தவர்கள். நண்பர் வீட்டு மாடியில் எட்டடிக்கு நாலடி பிளைவுட் போட்டு ஹெச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) தண்டவாளம் பதித்திருக்கிறோம். இதை ஒரு கிளப்பாக்க ஆசை. ஆனால் இப்போதே இரண்டு கட்சி ஆகிவிட்டோம். இருவருக்கு மலை, மரம், ஸ்டேஷன், பெட்டியின் சரியான நிறம். எனக்கும் இன்னொருவருக்கும் ஒயரிங், சிக்னல், தடம் மாற்றும் பாயின்ட். ஞாயிற்றுக்கிழமை சண்டையிலேயே போகிறது. பலகையை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுகூட முடிவாகவில்லை. அந்தக் கிளப் எப்படி ஆரம்பித்து வளர்ந்தது என்று எழுத முடியுமா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கிளப்பிலும் இதே இரண்டு கட்சிதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்ததே அதனால்தான்.

டெக் மாடல் ரெயில்ரோட் கிளப் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் மாணவர்கள் 1946-ல் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த அறை ‘கட்டடம் 20’-ல் இருந்தது. போர்க்காலத்தில், 1943-ல், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசர அவசரமாக மரத்தில் எழுப்பிய கட்டடம் அது. போர் முடிந்ததும் இடித்துவிடுவதாகத்தான் பேச்சு, ஆனால் 1998 வரை நின்றது. எப்படியும் இடிக்கப்போகிற கட்டடம் என்பதால் சுவரில் துளை போடவும் கூரையில் ஒயர் இழுக்கவும் யாரும் தயங்கவில்லை. உங்களுக்கும் முதலில் வேண்டியது அப்படி ஓர் அறைதான். ஆணி அடித்தால் வீட்டுக்காரர் முகம் சுளிக்காத அறை.

அந்த அறையில் ஒரு கூட்டம் பலகைக்கு மேலே வேலை செய்தது. குறிப்பிட்ட ஒரு வண்டியை, குறிப்பிட்ட காலத்து நிறத்தோடு அச்சு அசலாகச் செய்வது, ஊரும் மலையும் அமைப்பது, பழைய ரயில் பாதைகளில் பயணம் போய் வருவது அவர்கள் விருப்பம். இன்னொரு கூட்டம் பலகைக்கு அடியில் கிடந்தது. அதன் பெயர் சிக்னல்ஸ் அண்ட் பவர் சப்கமிட்டி, அதாவது சிக்னலையும் மின்சாரத்தையும் கவனிக்கிற துணைக்குழு. மேலே ஓடுகிற ரயிலை ஓட வைப்பது எது என்பதே அவர்களுடைய கேள்வி.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முப்பது வருடம் நான் செய்த வேலையும் இதுதான். ஒரு ரயிலுக்கு, அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கன்ட்ரோலர் என்றால் சிக்கலே இல்லை. இரண்டாவது ரயில் வந்ததும் தண்டவாளத்தை மின்சாரம் கடக்காதபடி துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அந்தத் துண்டுதான் பிளாக். ரயில் ஒரு பிளாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது அதை ஓட்டுகிறவரின் கன்ட்ரோலரும் கூடவே போக வேண்டும். நாலு கன்ட்ரோலர், முப்பது பிளாக் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலுக்கு முன்னால் ஓடி ஓடி ஸ்விட்ச் திருப்புவதற்கே தனியாக ஓர் ஆள் வேண்டும். இப்போது கன்ட்ரோலருக்குப் பதில் பேசுகிறவர், பிளாக்குக்குப் பதில் டெலிபோன் லைன் என்று மாற்றிப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் ராப்பகலாகச் செய்தது அப்படியே வந்து நிற்கும்.

அந்த மாணவர்களும் இதைக் கண்டுகொண்டார்கள். டெலிபோன் கம்பெனி கல்லூரிகளுக்கு உபகரணங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது. கிளப்புக்கு ஆலோசகராக இருந்த பேராசிரியரே வளாகத்தின் டெலிபோன் அமைப்பையும் கவனித்துவந்தார். அந்த வழியாக ரிலேக்களும் ஸ்விட்சுகளும் பலகைக்கு அடியில் வந்து சேர்ந்தன. ரயில் ஓட்டுகிறவர் டெலிபோன் டயலைச் சுழற்றித் தனக்கு வேண்டிய பிளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்வார். 1962 வாக்கில் சுமார் 1200 ரிலேக்கள் அங்கே இருந்தன.

ரிலேயைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? இரும்புத் துண்டைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், எதிரே அசைகிற ஒரு சின்னத் தகடு, அது இழுபடும்போது ஒன்றையொன்று தொடுகிற முனைகள். அவ்வளவுதான். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் ‘டக்’ என்று ஒட்டும், நின்றால் விட்டுவிடும். ஆனால் அதன் ஒரு முனையை அதன் சுருளுக்கே மின்சாரம் கொடுக்கிற மாதிரி கட்டிவிட்டால், பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் பிடியை விடாது. ஒரு முறை சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் இதைச் செய்து காட்டினார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. இப்போதும் அதை நினைத்தால் அந்த ‘டக்’ காதில் கேட்கிறது.

அவர்கள் அறையில் ஒரு கடிகாரம் இருந்தது. ரிலேக்களாலேயே கட்டி, எண்களில் நேரம் காட்டியது. பலகைமேல் தண்டவாளமும் ஊருமாக அமைத்திருந்த லேஅவுட்டைச் சுற்றி ஆங்காங்கே அவசர ஸ்விட்சுகள் வைத்திருந்தார்கள். ரயில் எதன்மீதாவது மோதப் போகிறது என்றால் யார் வேண்டுமானாலும் தட்டலாம். தட்டியதும் கடிகாரம் நின்று, நேரம் இருந்த இடத்தில் ‘ஃபூ’ என்ற சொல் தெரியும். புரோகிராம் எழுதுகிறவர்கள் பெயரில்லாத எதற்கும் இன்றைக்கு வைக்கிற அதே ‘ஃபூ’. ஆபத்தைச் சொல்வதில்கூட எவ்வளவு குதூகலம் பாருங்கள்!

சரி, கிளப் எப்படி வளர்ந்தது என்று கேட்டீர்கள். என் கணிப்பில் எல்லாம் அந்த அறைச் சாவியில் இருக்கிறது. லேஅவுட்டில் 40 மணி நேரம் வேலை செய்தால் உங்களுக்கென்று ஒரு சாவி. எந்த வகுப்பு, யார் பிள்ளை, கையில் எவ்வளவு பணம் என்றெல்லாம் அந்தக் கணக்கில் வராது. மரம் ஒட்டினாலும் மணிதான், சால்டரிங் செய்தாலும் மணிதான். இரண்டு கட்சியும் ஒரே பலகையில் இருக்க முடிந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். நீங்களும் சந்தாவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டாம். அந்தக் காலத்தில் அடியில் கிடந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் கையிலும் சால்டரிங் அயர்னைக் கொடுங்கள்.

சேர்ந்து வேலை செய்ததில் அவர்களுக்கென்று ஒரு பேச்சும் வளர்ந்தது. 1959-ல் பீட்டர் சாம்சன் என்ற உறுப்பினர் அதை அகராதியாகவே தொகுத்தார். ‘ஹேக்’ அதில் இருக்கிறது. ஒரு சர்க்யூட்டைப் புதிதாக, அழகாக, செய்த சந்தோஷத்துக்காகவே செய்தால் அது நல்ல ஹேக். அடுத்தவர் பணத்தைத் திருடுகிறவனுக்கு இன்று ‘ஹேக்கர்’ என்ற பெயரைக் கொடுத்திருப்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

அதே சமயத்தில் கிளப்பின் பழைய உறுப்பினர் ஜாக் டென்னிஸ் அங்கேயே ஆசிரியராக இருந்தார். வளாகத்துக்கு வந்திருந்த டி.எக்ஸ்-0 என்ற டிரான்சிஸ்டர் கணினியை இந்தப் பையன்களுக்குக் காட்டியவர் அவர். அங்கிருந்த ஐ.பி.எம். கம்பெனிக் கணினிக்குக் கிட்டேயே போக முடியாது, புரோகிராமைத் துளையிட்ட அட்டைகளை ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். டி.எக்ஸ்-0-வில் தாங்களே உட்காரலாம். ராத்திரி நேரம் காலியாக இருந்தது, பதிவு செய்துகொண்டு உட்கார்ந்தார்கள். அப்புறம் பி.டி.பி-1 என்ற கணினி வந்தது. 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டை உருவாக்கினார்கள். கணினியின் ஸ்விட்சுகளிலேயே விளையாடியதில் முழங்கை வலி கண்டது. உடனே ஆலன் கோட்டாக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் கிளப்பில் கிடந்த சாமான்களை வைத்துத் விளையாட்டை இயக்கத் தனியாகக் கைப்பெட்டிகள் செய்துவிட்டார்கள்.

1990-களின் கடைசியில் கட்டடம் 20-ஐ இடிப்பதற்கு முன் கிளப் வேறிடத்துக்கு மாறியது. பழைய லேஅவுட்டில் பெரும்பகுதி அதில் அழிந்துபோனது. ஐம்பது வருட வேலை. ஆனாலும் புதிதாக ஆரம்பித்தார்கள். ரிலேக்களின் இடத்தைச் சின்னச் சில்லுக் கணினிகளான மைக்ரோகன்ட்ரோலர்கள் பிடித்தன. புது லேஅவுட்டின் ஊரில் எம்.ஐ.டி.யின் உயரமான கிரீன் பில்டிங்கின் சிறிய வடிவம் நிற்கிறது. அதன் ஜன்னல்களில் விளக்குகள் வைத்து, விழுகிற கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை அதிலேயே விளையாடும்படி செய்திருக்கிறார்கள். அதில் எது மேல்கட்சி வேலை, எது கீழ்க்கட்சி வேலை என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியுமா?

பலகையின் உயரம் கேட்டிருந்தீர்கள். மேலே வேலை செய்கிற நண்பர்கள் இடுப்பளவு போதும் என்பார்கள், மலைகளைக் குனிந்து பார்க்க அது வசதி. நெஞ்சளவு வையுங்கள். தண்டவாளம் கண்ணுக்கு அருகில் வந்தால் ரயில் நிஜமாகவே பெரிதாகத் தெரியும், அவர்களுக்கும் பிடித்துவிடும். அடியில் ஒரு முக்காலி போட்டு, தலை இடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்து நீங்கள் சால்டர் செய்யலாம். விளக்கு ஒன்றையும் அங்கேயே மாட்டிவிடுங்கள்.

அன்புடன்.