பச்சை தேயிலைக்கு பங்கு இருக்கு, பந்து ஆடுற பையனுக்கு இல்லையா?

போன இதழ்ல அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல பசங்களுக்கு சம்பளம் குடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு கோத்தகிரில இருந்து கூடலூர் வரைக்கும் கேள்வி வந்துகிட்டே இருக்கு, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுதான்.

அண்ணா, என் அக்கா பையன் ஓஹாயோவுல கொலம்பஸ்ல எம்.எஸ். படிக்கிறான். அங்க காலேஜ் டீம்ல ஆடுற பசங்களுக்கு காலேஜே கோடிக்கணக்குல காசு குடுக்குதாம். முன்னாடி ஒரு டீ வாங்கி குடுத்தாலே தப்புன்னு சொன்னாங்களே, எப்படி மாறுச்சு?
– வாசகர், கோத்தகிரி

முதல்ல ஒண்ணு, இது நம்ம காந்தி மைதானத்துல ஆடுற ஃபுட்பால் இல்லைங்க. முட்டை மாதிரி இருக்கிற பந்தை நெஞ்சோட அணைச்சுகிட்டு ஓடுறது, ஹெல்மெட் போட்டுகிட்டு ஆளோட ஆள் மோதுறது. எவ்வளவு பெரிய விஷயம்னா மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல மட்டும் 1,07,000 பேர் உக்காரலாம், நம்ம ஊட்டி நகராட்சியோட ஜனத்தொகையே 2011 கணக்குப்படி 88 ஆயிரம் சொச்சம்தான். அதாவது ஊட்டில இருக்கிற அத்தனை பேரும் குழந்தை குட்டியோட போய் உக்காந்தாலும் இன்னும் இடம் காலியா கிடக்கும், அதுவும் காலேஜ் பசங்க மேட்ச்க்கு. டிக்கெட், டிவி, டீ-ஷர்ட் எல்லாத்துலயும் காசு கொட்டுது. கோச்சுக்கு கோடி, டிவிகாரனுக்கு கோடி, ஆடுறவனுக்கு மட்டும் ஃபீஸும் ஹாஸ்டலும் சாப்பாடும். காலேஜ் விளையாட்டை நடத்துற சங்கம் என்.சி.ஏ.ஏ., அது வச்ச சட்டம் அப்படி. ரெஜி புஷ்னு ஒரு பிளேயர், 2005-ல நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரன்னு ஹைஸ்மன் விருது வாங்கினவர், அவர் குடும்பம் வெளில இருந்து காசு, சலுகை வாங்கிச்சுன்னு சொல்லி 2010-ல விருதையே திருப்பி குடுக்க வேண்டியதா போச்சு. அந்த விருதை 2024-ல அவர்கிட்டயே திருப்பி குடுத்தாங்க, நடுவுல 14 வருஷம்.

நடுவுல நடந்தது கோர்ட் சண்டை. எட் ஓபேனன்னு ஒரு பழைய பேஸ்கட்பால் பிளேயர், தன் உருவத்தை வீடியோ கேம்ல போட்டு விக்கிறாங்க, தனக்கு ஒரு பைசா இல்லைன்னு 2009-ல கேஸ் போட்டார். 2019-ல கலிஃபோர்னியா, பிளேயர் தன் பேரையும் முகத்தையும் வச்சு சம்பாதிக்கலாம்னு சட்டம் போட்டுச்சு. 2021 ஜூன்ல ஆல்ஸ்டன்ங்கிற பழைய பிளேயர் போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டுல 9 ஜட்ஜும் ஒரே குரலா என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரா தீர்ப்பு குடுத்தாங்க, அடுத்த பத்து நாள்ல ஜூலை 1-ல இருந்து விளம்பரத்துல நடிக்கலாம், காசு வாங்கலாம்னு கதவு திறந்துச்சு. கடைசியா ஹவுஸ் கேஸ், கிராண்ட் ஹவுஸ்ங்கிற நீச்சல் வீரர் பேர்ல நடந்தது. 2025 ஜூன் 6-ம் தேதி கிளாடியா வில்கன்ங்கிற ஜட்ஜம்மா சமரசத்துக்கு கையெழுத்து போட்டாங்க, 2016-ல இருந்து ஆடினவங்களுக்கு பழைய பாக்கியா 280 கோடி டாலர், பத்து வருஷத்துல குடுக்கணும். அது போக ஒவ்வொரு காலேஜும் தன் பிளேயர்களுக்கு நேரடியாவே பங்கு குடுக்கலாம், முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர், நம்ம காசுல 175 கோடி கிட்ட வரும், ஒரு காலேஜுக்கு.

இது நம்ம மலைக்காரங்களுக்கு சட்டுனு புரியும்னு நினைக்கிறேன். பச்சை தேயிலையை நாம பறிச்சு குடுக்கிறோம், ஃபேக்டரி தூளாக்குது, குன்னூர்ல ஏலம் போகுது. தேயிலை வாரியம் மாசாமாசம் ஏல விலையை வச்சு கிலோவுக்கு இவ்வளவுன்னு அறிவிக்குது, அந்த பங்கீட்டு கணக்குல பாதிக்கு மேல இலை குடுத்தவனுக்குன்னு இருக்கு. அது கட்டுப்படி ஆகலன்னுதான் 2023-ல கோத்தகிரி பக்கம் நட்டக்கல்ல விவசாயிங்க நாள் கணக்கா உண்ணாவிரதம் இருந்தாங்க. இந்த காலேஜ் பசங்களுக்கு இத்தனை வருஷமா அந்த கணக்கே கிடையாது. இப்ப வந்திருக்கிறதும் பெரிய காலேஜ்களோட சராசரி வருமானத்துல 22 சதவீதம்தான், அங்கயே காலேஜ் முடிச்சு போற என்.எஃப்.எல். லீக்ல பிளேயர்களுக்கு 48 சதவீதம் கிட்ட போகுது. அதனால அவங்களுக்கு அதிகமா குடுத்துட்டாங்கன்னு எனக்கு தோணவே இல்ல.

எல்லா பிளேயருக்கும் சமமாவா குடுக்கிறாங்க? பொண்ணுங்களுக்கு?
– கல்லூரி மாணவி, குன்னூர்

சமமா இல்லம்மா. யாருக்கு எவ்வளவுன்னு காலேஜ்தான் முடிவு பண்ணுது. நிறைய பெரிய காலேஜ்ல நூத்துக்கு 75 ரூபா ஃபுட்பாலுக்கு, 15 ஆண்கள் பேஸ்கட்பாலுக்கு, 5 பெண்கள் பேஸ்கட்பாலுக்கு, மிச்சம் இருக்கிற 5-ல நீச்சல், ஓட்டம், டென்னிஸ் எல்லாம். ஃபுட்பாலுக்குள்ளயும் பந்து வீசுற குவார்ட்டர்பேக்குக்கு வர்றதுல ஒரு துளிதான் பெஞ்ச்ல உக்காந்திருக்கிறவனுக்கு. 1972-லயே டைட்டில் ஒன்பதுன்னு சட்டம் போட்டு படிப்புலயும் விளையாட்டுலயும் பொண்ணுங்களுக்கு பாரபட்சம் கூடாதுன்னு சொன்ன நாடு அது. அந்த சட்டத்தை காட்டி, பழைய பாக்கில எங்க பங்கு எங்கன்னு பெண் வீராங்கனைகள் அப்பீல் போனாங்க. அவங்க கேக்கிறது நியாயம்தான்.

ஆசிரியருக்கு வணக்கம். நான் 31 வருஷம் பள்ளிக்கூடத்துல வேலை பார்த்தவன். காசுக்காக வருஷத்துக்கு ஒரு காலேஜ் மாறுறாங்களாமே, அது படிக்க வெச்ச காலேஜுக்கு செய்யிற துரோகம் இல்லையா? படிப்பு என்ன ஆகும்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கூடலூர்

ஐயா, படிப்பு பத்தி நீங்க கவலைப்படறது சரி, அதை நான் மறுக்கல. மூணு காலேஜ் மாறினா எல்லா பாடமும் புது காலேஜ்ல கணக்குல சேராது, டிகிரி இழுத்துகிட்டே போகும், ஆட்டமும் போய் டிகிரியும் போன பையன் நிலைமை கஷ்டம். ஆனா துரோகம்ங்கிற வார்த்தையை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

முன்னாடி காலேஜ் மாறினா ஒரு வருஷம் ஆடாம உக்காரணும், 2018-ல காலேஜ் மாற நினைக்கிற பசங்க பேர் பதியுற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்னு ஒண்ணு வந்துச்சு, 2021-ல ஒரு தடவை உக்காராம மாறலாம்னாங்க, 2024-ல எத்தனை தடவை வேணா மாறலாம்னு ஆயிடுச்சு. அதோட காசும் சேர்ந்ததும் சந்தை மாதிரி ஆகிப்போச்சு, உண்மைதான். 2024 செப்டம்பர்ல லாஸ் வேகாஸ் காலேஜ் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூக்கா, டீம் மூணு மேட்ச் ஆடி மூணுலயும் ஜெயிச்சிருக்கு, பாதி சீசன்ல கிளம்பிட்டார், ஒரு லட்சம் டாலர் தர்றேன்னு சொன்னாங்க வரலன்னு அவர் தரப்பு சொல்லுது, காலேஜ் அதை ஏத்துக்கல. எல்லாரும் அந்த பையனைத்தான் திட்டினாங்க. வாய்ல சொன்னதை பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டிருந்தா அந்த சண்டையே வந்திருக்காதே ஐயா?

கோச்சுங்க கதையை பாருங்க. 2021-ல பிரையன் கெல்லி நோட்டர் டேம்ல இருந்து லூசியானா ஸ்டேட் காலேஜுக்கு போனார், 2025 நவம்பர்ல லேன் கிஃபின் அதே காலேஜுக்கு போனார், அதுவும் தன் டீம் சாம்பியன்ஷிப் சுற்றுக்கு போற நேரத்துல அந்த பசங்களை விட்டுட்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம்-ல ஜிம்போ ஃபிஷரை 2023-ல வேலையை விட்டு அனுப்பினப்போ ஒப்பந்தப்படி 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல குடுக்க வேண்டி வந்துச்சு, இனிமே கோச்சிங் பண்ணாம இருக்கிறதுக்கு. பெரியவங்க போனா அது வளர்ச்சி, 20 வயசு பையன் போனா துரோகமா?

நான் ஏன் இவ்வளவு சூடா பேசறேன்னு சொல்லிடறேன். நான் கீழ ஒரு காலேஜ்ல வாலிபால் ஆடி ஃப்ரீ சீட்ல சேர்ந்தவன். அம்மா எஸ்டேட்ல இலை பறிக்கிறவங்க, ஃபீஸ் கட்ட வழியே இல்ல. ரெண்டு வருஷம் அந்த காலேஜ் பனியனை போட்டுகிட்டு ஊர் ஊரா போய் கப்பு வாங்கி குடுத்தேன், மூணாவது வருஷம் பிராக்டிஸ்ல முட்டி திரும்பிடுச்சு. ஆஸ்பத்திரி செலவு யார் குடுக்கிறதுன்னு கேட்டா, "நீ ஸ்டூடன்ட்தானப்பா"ன்னாங்க. அடுத்த செமஸ்டர் ஆஃபீஸ்ல கூப்பிட்டு ஃபீஸ் கட்ட சொன்னாங்க. எங்கம்மா கம்மலை வச்சு கட்டினாங்க. அம்மாவுக்கு இலை பறிக்கிறப்போ அட்டை கடிச்சாலும் கீழ விழுந்தாலும் எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்துச்சு, ஏன்னா 1951-ல போட்ட தோட்டத் தொழிலாளர் சட்டத்துல அவங்க பேரு தொழிலாளி. எனக்கு அந்த பேரு இல்ல, அதனால ஒண்ணுமே இல்ல.

அமெரிக்காலயும் கதை அங்கதான் ஆரம்பிக்குது. 1955-ல கொலராடோவுல ஃபோர்ட் லூயிஸ் காலேஜுக்கு ஆடின ரே டெனிசன்ங்கிறவர் மேட்ச்ல தலைல அடிபட்டு செத்துப் போனார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டாங்க, காலேஜ் ஒண்ணும் ஃபுட்பால் வியாபாரம் பண்ணலன்னு சொல்லி அந்த மாநில சுப்ரீம் கோர்ட் 1957-ல குடுக்க முடியாதுன்னுடுச்சு. அந்த மாதிரி நஷ்டஈடு கேஸுக்கு பயந்துதான் வால்ட்டர் பையர்ஸ்ங்கிற என்.சி.ஏ.ஏ. தலைவர் காலத்துல "மாணவ வீரர்"ங்கிற வார்த்தையை உருவாக்கி எல்லா பேப்பர்லயும் போட வெச்சாங்க, பின்னாடி அவரே அதை எழுதியும் வெச்சார். இன்னைக்கு கோடி குடுக்கிறப்பவும் அந்த பேரை மாத்தல. டார்ட்மவுத் காலேஜ் பேஸ்கட்பால் பசங்க நாங்க ஊழியர்கள்னு 2024 மார்ச்ல 13-க்கு 2-ன்னு ஓட்டு போட்டு யூனியன் வைக்க பாத்தாங்க, அந்த வருஷ கடைசில மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. என் வருத்தமே இதுதான் ஐயா. காசு வந்துடுச்சு, தொழிலாளிங்கிற பேரு வரல. அந்த பேரு இருந்தா ஒப்பந்தம் இருக்கும், இத்தனை வருஷம் இங்கதான் ஆடணும்னு காலேஜும் கட்டிப்போடலாம், அடிபட்டா பாத்துக்கணும்னு பையனும் கேக்கலாம். இப்ப ரெண்டு பக்கமும் பிடிமானம் இல்லாம நிக்குது, மாறுறது நிக்காததுக்கு காரணம் பையனோட பேராசைன்னு நான் நினைக்கல.

பணக்கார காலேஜ்தான் இனிமே ஜெயிக்கும், சின்ன டீம் எல்லாம் காலின்னு என் ஃப்ரெண்ட் சொல்றான். உண்மையா ப்ரோ?
– மாணவர், ஊட்டி

பாதி உண்மை தம்பி. இண்டியானா யுனிவர்சிட்டி டீம், ரொம்ப காலமா தோத்துகிட்டே இருந்த டீம், 2023-ல 12 மேட்ச்ல 3 தான் ஜெயிச்சாங்க. புது கோச் கர்ட் சிக்னெட்டி வந்தார், வேற காலேஜ்ல கண்டுக்காம இருந்த பசங்களை போர்ட்டல்ல இருந்து கூட்டிட்டு வந்தார், 2024-ல 11 மேட்ச் ஜெயிச்சாங்க. அடுத்த வருஷம் கலிஃபோர்னியால இருந்து வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா ஹைஸ்மன் விருதே வாங்கினார், டீம் ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியனும் ஆயிடுச்சு. பழைய சட்டத்துல இது நடந்திருக்கவே நடந்திருக்காது. இண்டியானாவும் ஏழை இல்ல, பெரிய கான்ஃபரன்ஸ்ல, அதாவது காலேஜுங்க சேர்ந்து தங்களுக்குள்ள ஆடுற குழுவுல, இருக்கிற காலேஜ்தான், அதையும் சொல்லணும்.

ஆனா நிஜமாவே சின்ன காலேஜுங்க பாடு கஷ்டம்தான், நல்லா ஆடுற பையனை ஒரு வருஷம் வளத்து விட்டா மறு வருஷம் பெரிய இடம் தூக்கிடும். பசிபிக் கடலோர காலேஜுங்க சேர்ந்திருந்த பேக்-12 உடைஞ்சு 12-ல 10 காலேஜ் வெளில போனதுக்கு மட்டும் பிளேயர் சம்பளத்தை காரணம் சொல்லாதீங்க, அது டிவி காசுக்காக காலேஜ் தலைங்க எடுத்த முடிவு. ஸ்டான்ஃபோர்ட் இருக்கிறது பசிபிக் பக்கம், இப்ப ஆடுறது அட்லாண்டிக் கடலோர கான்ஃபரன்ஸ்ல, பரீட்சை நேரத்துல ஒரு மேட்ச்சுக்காக நாட்டோட இந்த கோடில இருந்து அந்த கோடிக்கு பறக்கணும். இன்னொரு கூட்டத்தை பத்தி யாரும் பேசறதில்ல, வாக்-ஆன்னு சொல்வாங்க, ஸ்காலர்ஷிப் இல்லாம, சொந்த செலவுல படிச்சுகிட்டு, டீம் மேல இருக்கிற ஆசைக்காகவே பிராக்டிஸ்ல அடி வாங்குற பசங்க. புது விதிப்படி ஃபுட்பால் டீம்ல 105 பேருக்கு மேல இருக்க கூடாது. ஏற்கெனவே இருந்தவங்களுக்கு விதிவிலக்கு குடுத்தாங்க, ஆனா இனிமே வர்ற அந்த மாதிரி பையனுக்கு இடம் கம்மி.

நம்ம ஊருக்கும் இது வருமா சார்?
– பி.இ.டி. மாஸ்டர், மஞ்சூர்

இப்போதைக்கு வராது சார், நம்ம யுனிவர்சிட்டி மேட்ச்க்கு டிவி காசும் இல்ல டிக்கெட் காசும் இல்ல, பங்கு போட ஒண்ணும் இல்ல. இங்க இருக்கிறது ஃப்ரீ சீட், ஹாஸ்டல், மெஸ், அப்புறம் அரசு வேலைல விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். நீங்க உங்க பசங்களை கீழ காலேஜுக்கு அனுப்புறப்போ ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க, அடிபட்டா வைத்திய செலவு யாரோடது, ஆட முடியாம போனா சீட் இருக்குமான்னு கேட்டு எழுதி வாங்குங்க. எனக்காக அன்னைக்கு அதை கேக்க ஆள் இல்ல.

என் மகனுக்கு டென்னிஸ்ல அமெரிக்கா காலேஜ் ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு, ஆகஸ்ட்ல போறான். அவனுக்கும் இந்த விளம்பர காசெல்லாம் கிடைக்குமாண்ணா?
– ஒரு தாய், கட்டபெட்டு

முதல்ல தம்பிக்கு வாழ்த்து சொல்லுங்க அக்கா, கேக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கு. ஆனா இந்த விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அவன் போறது எஃப்-1 மாணவர் விசாவுல. அதுல காலேஜ் வளாகத்துக்குள்ள வகுப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம், வெளில வேலை பார்க்கணும்னா தனி அனுமதி வேணும். விளம்பரத்துல நடிக்கிறது, இன்ஸ்டால போஸ்ட் போட்டு காசு வாங்குறது எல்லாம் வேலைன்னு எடுத்துகிட்டா விசாவுக்கே ஆபத்து. கூட ஆடுற அமெரிக்க பையன் வாங்குறானேன்னு இவனும் வாங்கிட கூடாது. வெளிநாட்டு பிளேயர்கள் நிறைய பேர் லீவுல சொந்த ஊருக்கு வந்தப்போ ஷூட்டிங் முடிச்சுட்டு போறாங்க, அதுக்கும் வரி, விசா கணக்கு தனியா இருக்கு. அதனால யார் எந்த பேப்பரை நீட்டினாலும், ஒரு ஜோடி ஷூ இலவசமா தர்றேன்னாலும் சரி, காலேஜ்ல வெளிநாட்டு மாணவர் ஆஃபீஸ்னு ஒண்ணு இருக்கும், அங்க காட்டி எழுத்துல பதில் வாங்கிட்டு அப்புறம் கையெழுத்து போட சொல்லுங்க. அடிபட்டா இன்சூரன்ஸ் எது வரைக்கும் வரும், ஸ்காலர்ஷிப் நாலு வருஷத்துக்கா இல்ல வருஷா வருஷம் புதுப்பிக்கணுமான்னும் இப்பவே மெயில் போட்டு கேட்டுடுங்க, பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்க.