பால் சேர்க்காமல் கேக் செய்தும் குழந்தைக்குத் தடிப்பு வருகிறது. எந்தப் பொருள் காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் வீட்டிலும் எல்லாரும் முட்டையைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் சென்னையில் பெரம்பூர். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மதம் கிடையாது, வீட்டுக்கு வீடு சுடுவார்கள். அண்ணன் மகனுக்குப் பால் ஆகாது என்பதால் அண்ணி வெண்ணெய்க்குப் பதில் மார்கரின் (எண்ணெயில் செய்த, வெண்ணெய் மாதிரியான கொழுப்பு), பாலுக்குப் பதில் ஆரஞ்சு ஜூஸ் சேர்ப்பார். அப்படியும் தின்ற கொஞ்ச நேரத்தில் பையனுக்கு உதட்டைச் சுற்றித் தடிப்பு. முட்டைச் சூடு என்றார் அம்மா. அண்ணி முந்திரியை நிறுத்தினார். அப்புறம் டூட்டி ஃப்ரூட்டி மேல் சந்தேகம். நான் கேட்டது ஒன்றுதான்: ஆம்லெட்டும் முந்திரி பக்கோடாவும் தின்றுவிட்டு ஜம்மென்று சுற்றுகிற பையனுக்கு, கேக்கில் மட்டும் அதெல்லாம் எப்படி ஆகாமல் போகும்? கேக்கைத் தவிர வேறு எதிலும் அவன் சாப்பிடாத பொருள் எது? அப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் மார்கரின், பேக்கிங் பவுடர், எசென்ஸ் மூன்றும் மிஞ்சின.

மார்கரின் பாரிமுனையில் வாங்கியது. பெரிய கட்டியிலிருந்து வெட்டி, வெறும் கவரில் நிறுத்துக் கொடுத்தது, லேபிள் கிடையாது. நானே போய் அட்டைப்பெட்டியைக் காட்டச் சொன்னேன். "எல்லாரும் இதைத்தாம்மா வாங்குறாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரர் எடுத்துப் போட்டார். சேர்மானப் பட்டியலின் கடைசியில் மில்க் சாலிட்ஸ், அதாவது பால்!

வே பவுடர், கேசினேட் என்று போட்டிருந்தாலும் பால்தான். 'நான் டெய்ரி' (பால் இல்லாதது) என்று விற்கிற விப்பிங் கிரீம் சிலவற்றில்கூட சோடியம் கேசினேட் இருக்கும், பாருங்கள். பாக்கெட்டில் சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள். முட்டை, இறைச்சி மாதிரி அசைவம் இருந்தால்தான் அதைப் போடக்கூடாது, பால் இருந்தால் தாராளமாகப் போடலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி பால், சோயா, கோதுமை, நட்ஸ் போன்றவை இருந்தால் பாக்கெட்டில் தனியாகச் சொல்ல வேண்டும். சில்லறையாக வெட்டி வாங்கினால் அந்த வரி நம் கைக்கு வராது.

டாக்டரைக் கேட்காமல் இவள் யார் என்று வரப்போகிறவர்களுக்கு: பால் அலர்ஜி என்று சொன்னதே டாக்டர்தான். மூச்சுத் திணறல் வருகிற குழந்தை என்றால் வீட்டில் எதையும் கொடுத்துப் பார்க்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

பால் இல்லாத கேக்கை ஆர்டர் பண்ணலாமே என்பீர்கள். நான் விசாரித்த ஹோம் பேக்கர்கள் எல்லாம் அடையாறு, திருவான்மியூர் பக்கம். பெரம்பூர் என்றதும் "அவ்ளோ தூரம் டெலிவரி இல்லை மேடம்". அதே ஆட்கள் தாம்பரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்! இப்போது அண்ணி மார்கரினை விட்டுவிட்டுச் சூரியகாந்தி எண்ணெய் ஊற்றித்தான் சுடுகிறார்.