ஜூன் விடுமுறையில் மண்டாய்: கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

ஜூன் விடுமுறை நெருங்கிவிட்டது. சிங்கப்பூரின் மண்டாய் விலங்கியல் தோட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம், எங்கே தொடங்கலாம், என்ன செய்யலாம் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பள்ளிக் குழுக்களையும் குடும்பங்களையும் விலங்குகளிடம் அழைத்துப்போய் விளக்கும் தொண்டூழியம் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஈசூனிலிருந்து ஒரு தாய்: அக்கா, மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் பார்த்து முடிக்க எந்த வழியாக நடக்கலாம்?

முழுவதையும் பார்க்க வேண்டாம், தங்கச்சி. 25 ஹெக்டருக்கும் மேற்பட்ட இடம் அது. டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு வீணாகக்கூடாது என்று ஓடிக்கொண்டே இருந்தால், மதியத்துக்குள் சின்னவன் அழத் தொடங்குவான், பெரியவள் ஐஸ்கிரீம் கேட்பாள், விலங்கு எதுவும் யாருக்கும் மனதில் நிற்காது. நான்கு இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இருபது நிமிடமாவது நில்லுங்கள்.

முடிந்தால் காலை 8.30க்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறும் முன்புதான் பல விலங்குகள் நடமாடும். மதியம் ஒரு மணிக்குப் போய்விட்டு "எல்லாம் தூங்குது" என்று குறைப்படுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் புழுக்கத்தில் நாமே நிழல் தேடி ஒதுங்குகிறோம், அவை மட்டும் ஏன் வெளியே நிற்கப் போகின்றன?

என் தேர்வு இதுதான்: முதலில் ஒராங் உத்தான். தலைக்கு மேலே கிளைகளிலும் கயிறுகளிலும் அவை போய்வருவதைக் கூண்டுக் கம்பி குறுக்கே வராமல் பார்க்கலாம். தாயும் குட்டியும் கண்ணில் பட்டால் மூத்தவளிடம் சொல்லுங்கள்: "உன் வயசிலும் இது அம்மாவை விட்டு நகராது." காட்டில் ஏழெட்டு வயதுவரை குட்டி தாயோடுதான் இருக்கும். எந்தப் பழத்தைத் தின்னலாம், இரவுக்கு எப்படிக் கிளை மடக்கிப் படுக்கை போடுவது என்பதையெல்லாம் அவ்வளவு காலம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்ளும். அடுத்து ஃப்ராஜைல் ஃபாரஸ்ட். அது பெரிய வலைக்கூடாரத்துக்குள் இருக்கும் மழைக்காடு. குரங்குக்கு உறவான லீமர்கள் நடைபாதைக்கே வந்துவிடும், பழந்தின்னி வௌவால்கள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மூன்றாவதாக ஹமட்ரியாஸ் பபூன்கள் என்ற பெரிய குரங்குகள், நான்காவதாக யானை. அதற்கு மேல் தெம்பு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு தந்தை: மகன் தொடக்கநிலை 3. பள்ளியில் கொடுத்த பயிற்சித்தாளில் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதிவிட்டு "முடிஞ்சது" என்கிறான். விலங்கை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பலகையில் விடை இருக்கிற கேள்வியைக் கேட்டால் பிள்ளை பலகையைத்தான் பார்ப்பான், அது அவன் தவறில்லை. விலங்கைப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கிற கேள்வியைக் கேளுங்கள்.

நீள்மூக்குக் குரங்கை எடுத்துக்கொள்வோம். போர்னியோ தீவைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. முதல் கேள்வி: இதில் அப்பா எது? மூக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். வளர்ந்த ஆணுக்கு மூக்கு வாயைத் தாண்டித் தொங்கும், பெண்ணுக்குச் சின்னதாக மேல்நோக்கி இருக்கும். இரண்டாவது: இவ்வளவு பெரிய வயிறு எதற்கு? உடனே விடை சொல்லாதீர்கள், கொஞ்சம் காத்திருங்கள். அது எதைத் தின்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இலை, இலை, மறுபடி இலை. இலையில் சத்து குறைவு, செரிப்பதும் கடினம். அதனால் வயிறு பல அறைகளாக இருக்கிறது. உள்ளே நுண்ணுயிரிகள் இலையை நொதிக்கவைத்து உடைக்கின்றன. மாடு அசைபோடுவதைப்போல இந்தக் குரங்கும் சில நேரம் தின்றதை மேலே கொண்டுவந்து மறுபடி மெல்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சர்க்கரை மிகுந்த கனிந்த பழம் அந்த வயிற்றுக்கு ஆகாது, நொதித்து உப்பிவிடும். குரங்கு என்றாலே வாழைப்பழம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய செய்தி.

பபூன்களிடமும் இப்படித்தான். வெள்ளிநிறப் பிடரி மயிரோடு இருப்பவை ஆண்கள், பழுப்பு நிறத்தில் சிறியவை பெண்கள். யார் யாருக்குப் பேன் பார்க்கிறார்கள் என்று பத்து நிமிடம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கே உண்ணியையும் அழுக்கையும் எடுப்பது பாதி வேலைதான், உறவைக் காப்பது மீதிப் பாதி. ஆணைச் சுற்றிச் சில பெண்களும் குட்டிகளுமாகச் சின்னக் குடும்பங்கள் பிரிந்து உட்கார்ந்திருப்பதை உங்கள் மகனே கண்டுபிடித்துச் சொல்வான். அதன் பிறகு பயிற்சித்தாளை நீங்கள் நினைவூட்டத் தேவையே இருக்காது.

பொங்கோலிலிருந்து: விடுமுறை முகாம்களுக்குக் காசு நிறைய ஆகிறது. மதிப்பு உண்டா?

பிள்ளையைப் பொறுத்தது. பதிவு செய்யும் முன் ஐந்து விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அறைக்குள் எவ்வளவு நேரம், தோட்டத்தில் எவ்வளவு நேரம், ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பிள்ளைகள், பராமரிப்பாளரோடு பேச வாய்ப்பு உண்டா, மழை வந்தால் என்ன ஏற்பாடு. பராமரிப்பாளரைச் சந்திக்க வாய்ப்பிருந்தால் தயங்காமல் அனுப்பலாம். விலங்குக்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க அவர்கள் உணவை மூங்கில் துளைக்குள்ளும் சாக்குக்குள்ளும் மறைத்து வைப்பார்கள், தேடித்தான் எடுக்க வேண்டும். அதை ஒரு முறை கிட்டேயிருந்து பார்த்த பிள்ளை, விலங்குக்கும் யோசனை உண்டு என்பதை யார் சொல்லாமலும் புரிந்துகொள்ளும்.

முகாமுக்கு அனுப்ப வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். பொதுமக்களுக்கான உணவூட்டும் நேரங்களில் பராமரிப்பாளர் பேசும் உரைகள் உண்டு. நேர அட்டவணையை முதல் நாள் இரவே இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள். உரை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். அப்போது நின்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவர்கள் மிகுந்த ஆர்வத்தோடு பதில் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின் பழைய அட்டைப்பெட்டியையும் கயிற்றையும் கொடுத்து, "ஒராங் உத்தானுக்கு நீ ஒரு புதிர்ப்பெட்டி செய்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பிற்பகல் போவதே தெரியாது.

தெம்பனிஸிலிருந்து உயர்நிலை மாணவி, 14 வயது: விலங்குகளை அடைத்துவைத்து வேடிக்கை பார்ப்பது சரியா? அம்மா என்னைக் கூப்பிடுகிறார், எனக்குப் போகவே மனம் வரவில்லை.

நீ கேட்டது நியாயமான கேள்வி, கண்ணு. தோட்டத்தில் வேலை செய்பவர்களும் இதைத் தங்களுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இந்தத் தோட்டம் 1973இல் திறந்தபோதே கம்பிக் கூண்டுகளைக் கூடியவரை தவிர்த்து, நீர் அகழியும் மறைவான பள்ளமும் செடிகொடியும் வைத்துப் பிரிக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தது. அது அந்தக் காலத்தில் பெரிய முன்னேற்றம். ஆனால் அகழி இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. இனுக்காவின் கதையைப் பார். வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் துருவக்கரடி, 1990 டிசம்பரில் இங்கேதான் பிறந்தது. ஊரே கொண்டாடியது. பிறகு, இந்த வெயில் நாட்டில் துருவக்கரடி இருக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. இனி புதிதாகத் துருவக்கரடி கொண்டுவருவதில்லை என்று தோட்டம் 2006இல் அறிவித்தது. வயோதிகத்தால் உடல் மிகவும் நலிந்த நிலையில் 2018 ஏப்ரலில் இனுக்காவை வலியின்றிக் கண்மூட வைத்தார்கள். உன்னைப்போல் கேட்டவர்களால்தான் அந்த மாற்றம் வந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. வைக்கோல் நிறத் தலை கொண்ட சின்னான் பறவையின் இனிய குரலே அதற்கு வினையாகிவிட்டது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்துத் தென்கிழக்காசியாவின் பல பகுதிகளில் அதை ஒழித்துவிட்டார்கள். இன்று அதற்கு உலகிலேயே முக்கியப் புகலிடங்களில் ஒன்று நம் சிங்கப்பூர், குறிப்பாகப் புலாவ் ஊபின் தீவு. அப்படிப்பட்ட உயிரினங்களைக் கவனமாக இனப்பெருக்கம் செய்து பாதுகாக்கும் இடமாக ஒரு தோட்டம் இருந்தால் அதற்கு நான் துணை நிற்பேன். வெறும் படம் எடுக்கும் இடமாக இருந்தால் நிற்க மாட்டேன். நீ ஒரு முறை போய் வா. ஒவ்வொரு விலங்கின் முன்பும் நின்று, இது இங்கே இருப்பதால் காட்டில் இருக்கும் இதன் இனத்துக்கு என்ன நன்மை என்று கேள். விடை கிடைக்காத இடங்களைக் குறித்துக்கொண்டு தோட்டத்துக்கே எழுது.

உட்லண்ட்ஸிலிருந்து: வெள்ளைப்புலி பனிப்பிரதேசத்துப் புலியா என்று மகள் கேட்கிறாள்.

இல்லை. நம் இந்தியக் காட்டுப் புலியேதான், தனி இனம் கிடையாது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே ஒடுங்கு மரபணு (ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாதது) வந்தால் மஞ்சள் நிறம் இல்லாமல் பிறக்கும். கோடுகள் கறுப்பாகவே இருக்கும், கண் நீலமாக இருக்கும். 1951இல் மத்திய இந்தியாவின் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழி வந்தவைதான் இன்று உலகத் தோட்டங்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் மாறுகண் போன்ற குறைகளும் சேர்ந்தே வந்தன. பள்ளி வயது மகள் என்றால் இதையும் சொல்லலாம், அவளுக்குப் புரியும்.

தோ பாயோவிலிருந்து ஒரு தாத்தா: எனக்கு முழங்கால் வலி. பேரப்பிள்ளைகளோடு நானும் வரலாமா?

கண்டிப்பாக வாருங்கள், ஐயா. நுழைவாயிலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், உள்ளே டிராம் ஓடுகிறது. ஆங் மோ கியோவிலிருந்தும் ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்தும் 138ஆம் எண் பேருந்து வரும். காத்திப் எம்ஆர்டியிலிருந்து தனி ஷட்டிலும் உண்டு.

இன்னொரு யோசனை: நைட் சஃபாரி. இரவு விலங்குகளுக்காகவே 1994இல் திறந்த உலகின் முதல் தோட்டம். டிராமில் ஏறி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றிக் காட்டிவிடுவார்கள், உங்கள் முழங்காலுக்கு வேலையே இல்லை. ஆசியச் சிங்கத்தை அங்கே பார்க்கலாம். காட்டில் இன்று அது குஜராத்தில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் கைப்பேசி ஃபிளாஷை மட்டும் அணைத்துவிடச் சொல்லுங்கள்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து பாலர் பள்ளித் தமிழாசிரியர்: பிள்ளைகளை அழைத்துப்போனால் எல்லாரும் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள். தமிழை எப்படி உள்ளே கொண்டுவருவது?

டீச்சர், பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதிலிருந்து தொடங்காதீர்கள். வினைச்சொற்களிலிருந்து தொடங்குங்கள். தாவுகிறது, தொங்குகிறது, உரசுகிறது, முகர்கிறது, சொறிந்துகொள்கிறது, கொட்டாவி விடுகிறது. வகுப்பறையில் இவற்றைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு ஒட்டாது, கண்முன் நடக்கும்போது ஒரு முறை கேட்டாலே ஒட்டிக்கொள்ளும். இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒரு பிள்ளை விலங்குக்கு முதுகு காட்டி நிற்க, இன்னொரு பிள்ளை பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்ல, கேட்கிற பிள்ளை அது எந்த விலங்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். சத்தம் காதைப் பிளக்கும், பரவாயில்லை.

அப்புறம் பெயர்களைக் கொடுங்கள். சருகுமான், நீர்நாய், தேவாங்கு, அழுங்கு, புனுகுப்பூனை. இவை எல்லாவற்றுக்கும் நம்மிடம் பழகிய பெயர் இருக்கிறது. தாத்தா பாட்டியையும் கூட வரச் சொல்லுங்கள். ஊரில் தேவாங்கைப் பார்த்த பாட்டி ஒருவர் பேசத் தொடங்கினால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

செம்பவாங்கிலிருந்து: வாசலில் குரங்குகள் வந்தால் பிள்ளைகள் பிஸ்கட் போடலாமா? ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் கொடுக்கலாமாமே?

தோட்டத்துக்குள் அவர்களே விற்கும் உணவை, அவர்கள் சொல்லும் நேரத்தில், ஒட்டகச்சிவிங்கிக்குக் கொடுக்கலாம். கிட்டத்தட்ட 45 சென்டிமீட்டர் நீளக் கருநீல நாக்கு கேரட்டைச் சுற்றி இழுக்கும். சின்னப் பிள்ளை பயந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், நீங்கள் கொடுங்கள், பிள்ளை பார்க்கட்டும்.

வெளியே திரியும் காட்டுக் குரங்குக்கு ஒரு பருக்கைகூடக் கூடாது. அது சட்டப்படி குற்றம், முதல் தடவையே 5,000 வெள்ளிவரை அபராதம் விதிக்கலாம். பிஸ்கட்டுக்குப் பழகிய குரங்கு பையைப் பறிக்கும், பிறகு அதற்குத்தான் ஆபத்து. பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெதுவாக விலகி நடங்கள்.

பிடோக்கிலிருந்து: நான்கு பேருக்கு டிக்கெட் எடுக்க இப்போது கையில் வசதியில்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்துக்குப் போங்கள், நுழைவுக் கட்டணம் இல்லை. கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கிப் பேருந்து எடுக்கலாம். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போனால் சேற்றுத்தாவி மீன்கள் செவுளில் நீரை நிரப்பிக்கொண்டு சேற்றின்மேல் துடுப்பால் நடப்பதைப் பார்க்கலாம். உவர்நீர் முதலை வெயில் காய்வதும் கண்ணில் படலாம். உடும்புக்குப் பஞ்சமே இல்லை. செப்டம்பரிலிருந்து மார்ச்வரை வலசைப் பறவைகள் வரும், ஜூனில் அவை இருக்காது. பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவில் காலை ஏழு மணிவாக்கில் ஆற்றோரம் நடந்தால், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைக் காணலாம். தள்ளி நின்று பாருங்கள். குட்டியோடு இருக்கும்போது நெருங்கினால் கடித்துவிடும்.

இரண்டு இடத்துக்கும் தண்ணீர், தொப்பி, மாற்றுச் சட்டை, கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள். இடி இடித்தால் மரத்தடியில் நிற்காமல் அருகிலுள்ள கூரைக்குப் போய்விடுங்கள்.