பண்டாரவளைத் தம்பியின் முதல் ஸ்கோப்

கேள்வி: அன்பின் ஐயா, நான் பண்டாரவளையில் கணிதம் படிப்பிக்கிறேன். சூட்டுக் கழகமொன்றில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. கழகத்தின் .22 போல்ட் ரைஃபிளில் 50 மீற்றரில் சுட்டுப் பழகினேன். இப்போது அனுமதிப்பத்திரம் கிடைத்து, சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறேன். அதன் மேல் பூட்டும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் விஷயத்தில்தான் குழப்பம். கட்டாரில் இருக்கும் மாமா 8 முதல் 32 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் ஒன்றை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கழகத்து அண்ணாமார் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்?

பதில்:

தம்பி, எந்தப் போட்டிக்குச் சுடப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஒலிம்பிக் வரிசையில் வரும் 10 மீற்றர் எயார் ரைஃபிள், 50 மீற்றர் ரைஃபிள் இரண்டிலும் ஸ்கோப்புக்கு இடமில்லை. டோக்கியோவில் நம் நாட்டுக்காக 10 மீற்றரில் சுட்ட தெஹானி எகொடவெல கண் வைத்தது, சிறு துளை வழியே குறி பார்க்கும் துளைப் பார்வையில்தான். உங்கள் ஆசை அந்த வழியில் என்றால் மாமாவின் காசை நல்ல துளைப் பார்வைக்கும் சூட்டுச் சட்டைக்கும் கேளுங்கள். மேசையில் ரைஃபிளைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், படுத்தபடி தாங்கியில் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் போன்றவற்றில் ஸ்கோப் உண்டு. கழகத்துக்குள், தாளில் குண்டுகளை எவ்வளவு நெருக்கமாக விழுத்துகிறோம் என்று பார்க்கும் போட்டிகளுக்கும் உண்டு. நீங்கள் அந்தப் பக்கம் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாமாவின் 32 மடங்கை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்த்து வாங்கவேண்டாம். முதலில் கேட்கவேண்டியது, "இதன் பாரலாக்ஸை 50 மீற்றருக்குத் திருத்த முடியுமா?" என்பதுதான். கடைக்காரர் முகத்தைச் சுழித்தால் அந்த ஸ்கோப்பை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கணித ஆசிரியருக்கு இதை விளக்குவது எனக்குச் சுகம். இலக்கின் பிம்பமும், ஸ்கோப்புக்குள் குறி வைக்கத் தெரியும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழாவிட்டால் வருவதுதான் பாரலாக்ஸ்; தலையைக் கொஞ்சம் அசைத்தாலே கோடு இலக்கின் மேல் ஊர்ந்து போகும். துவக்கு அசையவில்லை, உங்கள் கண்தான் அசைந்தது, ஆனாலும் குறி மாறிவிடும். பாரலாக்ஸை 100 மீற்றருக்கு நிலையாகப் பூட்டிய ஸ்கோப்பை 50 மீற்றரில் வைத்துப் பார்ப்போம். முன் வில்லை 40 மில்லிமீற்றர். அதன் அரைவாசி 20. தூர வித்தியாசமான 50ஐ 100ஆல் வகுத்தால் அரை. இரண்டையும் பெருக்கினால் 10 மில்லிமீற்றர். உங்கள் கண் நடுவிலிருந்து ஓரம்வரை விலகினால் வரும் மிகப் பெரிய பிழை அது. சர்வதேச 50 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர். நடுவில் விழவேண்டிய குண்டு 10 மில்லிமீற்றர் தள்ளி விழுந்தால் பத்து ஒன்பதாகிவிடும். மூச்சையும் விசையையும் குற்றம் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் அலைவீர்கள். தவறு கன்னத்தை வைத்த இடத்தில் இருக்கும். .22க்கென்று செய்யும் சில ஸ்கோப்புகளை 50 யார்டுக்குப் பூட்டியே விற்கிறார்கள். அது உங்களுக்குப் போதும். ஆனால் பக்கவாட்டுச் சக்கரத்தாலோ முன் வளையத்தாலோ திருத்தக்கூடியது கிடைத்தால் அதையே எடுங்கள், பிறகு 100 மீற்றருக்குப் போனாலும் கைகொடுக்கும். சக்கரத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, கோடு நகராத இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்தது கிளிக், அதாவது குறியைத் திருத்தும் டரட் என்ற சக்கரம் ஒரு படி சுழலும்போது குறி நகரும் அளவு. ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு; 100 மீற்றரில் 29 மில்லிமீற்றர், 50இல் 14.5. கால் எம்ஓஏ கிளிக் 50 மீற்றரில் 3.6 மில்லிமீற்றர் நகர்த்தும். அரைக்கால் எம்ஓஏ என்றால் 1.8. மில் என்பது தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு; பத்திலொரு மில் கிளிக்கோ அதே தூரத்தில் 5 மில்லிமீற்றர், பத்து வட்டத்தில் ஏறக்குறைய பாதி! மில் கணக்கு வசதியானதுதான், தூரம் மாறிமாறிச் சுடுகிறவர்களுக்கு. தாளின் நடுவைத் தேடும் உங்களுக்கு எம்ஓஏ டரட்டே நல்லது.

கிளிக் எத்தனை நுண்ணியதாக இருந்தாலும், அது போன இடத்திலிருந்து திரும்பி வராவிட்டால் பயனில்லை. ரைஃபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, 50 மீற்றரில் நிற்கும் தாளில் 145 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். கால் எம்ஓஏ டரட்டை 40 கிளிக் சுழற்றினால் குறுக்குக்கோடு ஒரு கோட்டிலிருந்து மற்றதுக்குப் போகவேண்டும், 40 கிளிக் திருப்பினால் அதே இடத்துக்கு வரவேண்டும். தோட்டா ஒன்றும் செலவில்லை. இதைச் சூட்டு மைதானத்தில், துவக்கு காலியென்று இன்னொருவர் பார்த்த பிறகே செய்யுங்கள்.

உருப்பெருக்கத்துக்கு வருகிறேன். முன் வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மில்லிமீற்றரை 32ஆல் வகுத்தால் ஒன்றரைக்குச் சற்று மேல். அப்புத்தளைப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறிவரும் காலையில் அந்தப் படம் சாம்பல் பூசியது போலிருக்கும். ஆடி, ஆவணியில் உங்கள் ஊவாவில் கச்சான் காற்று வீசி நிலம் காயும்போது தரையிலிருந்து எழும் சூடு இலக்கை நீருக்குள் கிடப்பது போல ஆட்டும். மடங்கு கூடினால் ஆட்டமும் கூடத் தெரியும். 6 முதல் 24 மடங்கு உங்களுக்குத் தாராளம். பெரும்பாலும் 16, 18இல்தான் நிற்பீர்கள். குறுக்குக்கோடு மெல்லியதாக, இரண்டாம் குவியத் தளத்தில் இருக்கட்டும். மடங்கைக் கூட்டினாலும் கோடு தடிக்காது.

இனி நம் மலைக்கே உரிய தொல்லை. எனது முதல் ஸ்கோப்பை நுவரெலியாவில் ஒரு மழைக்காலம் முழுதும் தோல் உறையில் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது வில்லையில் சிலந்தி வலைபோல் பூஞ்சை. நைட்ரஜன் அடைத்தது, நீர் புகாதது என்று பெட்டியில் எழுதியிருந்தது. அது உள்ளே நீராவி படியாமல் காக்கும், வெளிப்புற வில்லையை ஈரத்தோலுக்குள் வைத்தால் என்ன செய்யும்? கண்ணாடியின் பூச்சைத் தின்றுவிட்டது. அந்தத் துயரம் உங்களுக்கு வரக்கூடாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறினால் சட்டியில் மெல்லச் சூடாக்கி உலர்த்துங்கள். நுரைப் பஞ்சும் தோலும் வேண்டவே வேண்டாம். பழையதை வாங்குவதென்றால் ஒரு முனையிலிருந்து டோர்ச் அடித்து மறுமுனையில் வலைப்பின்னல் தெரிகிறதா என்று பாருங்கள்.

குளிர்காலையில் மூச்சு மேலே போய்க் கண்வில்லையை மறைக்கும். உதட்டைக் கீழ்நோக்கிக் குவித்து மூச்சை விடப் பழகுங்கள். சட்டை நுனியால் துடைக்காதீர்கள், மணல் துகள் கீறிவிடும். குளிரில் இருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு மணித்தியாலம் விடுங்கள்.

பொருத்தும்போது கண்ணை மூடிக்கொண்டு வழக்கமாகக் கன்னம் வைக்கும் இடத்தில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். படம் வட்டமாக, ஓரம் இருளாமல் தெரியும் இடமே உங்கள் ஸ்கோப்பின் இடம். குறுக்குக்கோடு நேராக நிற்கிறதா என்று அறிய கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தூரத்தில் தொங்கவிட்டு அதனோடு ஒப்பிடுங்கள். சாய்வாகப் பூட்டினால் டரட்டை மேலே சுழற்றும்போது குறி பக்கமாகவும் நகரும்.

மாமாவுக்குப் பதில் எழுதும் முன் இரண்டு வேலை. தருவிப்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று கழகச் செயலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கப்போகும் ரைஃபிளின் மேல் ஸ்கோப்பைப் பூட்ட இருப்பது 11 மில்லிமீற்றர் புறாவால் வடிவத் தண்டவாளமா, அகலமான பிக்காட்டினித் தண்டவாளமா என்று அளந்து பாருங்கள். .22களில் இரண்டும் வருகின்றன. ஸ்கோப்பைத் தண்டவாளத்தோடு பிடிக்கும் வளையம் பொருந்தாவிட்டால் ஸ்கோப் பெட்டியிலேயே கிடக்கும். அளவையும், ஸ்கோப்பின் குழாய் 25.4 மில்லிமீற்றரா 30 மில்லிமீற்றரா என்பதையும் எழுதி அனுப்புங்கள். வளையம் எந்த உயரத்தில் வேண்டும் என்று அடுத்த இதழில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.