ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்: ஜெபம் வறண்டுபோனால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு 26 வயது. திருகோணமலை, சைவக் குடும்பம். போன வருஷம் ஞானஸ்நானம் எடுத்தேன். முதல் சில மாதங்கள் விடிய எழும்பி ஜெபிப்பேன், கண்ணீர் தானாக வரும். இப்போது வேதத்தைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது. நிலாவெளியில் ஹோட்டல் வேலை. சீசனில் ஞாயிறு லீவு கிடையாது. ஆராதனைக்குப் போய் ஒன்றரை மாதமாகிறது. ஆடி அமாவாசை வேறு வருகிறது. அப்பா இறந்து மூன்று வருஷம். மூத்த மகன் நான்தான் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அம்மா அழுகிறார். நான் விசுவாசத்தைவிட்டுப் பின்வாங்கிப் போகிறேனா?

பதில்: தம்பி, இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வந்து விடிய நாலரைக்கு எழும்பினால் யாருக்கும் கொட்டாவி வரும். அதற்குப் பின்வாங்குதல் என்று பெயர் வைக்காதீர்கள். முதல் மாதங்களில் உங்களைச் சுற்றிச் சபையே நின்றது. பாட்டு, கைதட்டல், வீட்டுக்கூட்டம், தோளில் கை போட்டு ஜெபிக்க நாலு பேர். இப்போது அவர்கள் அடுத்த புது விசுவாசியிடம் போயிருப்பார்கள். குறை சொல்லவில்லை, எங்கள் சபைகளில் வழக்கமாக நடப்பதுதான். ஆகவே உங்கள் சொந்த நடை இனித்தான் ஆரம்பம்.

வேதத்தை எங்கே தொடங்கினீர்கள் என்று எழுதவில்லை. ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் கரை தட்டி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்கு சுவிசேஷத்துக்கு வாருங்கள். 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம், நிலாவெளி பஸ்ஸில் போகும்போதே முடிந்துவிடும். சபையில் வாசிக்கிற பழைய திருப்புதல் என்ற வேதாகம மொழிபெயர்ப்பின் தமிழ் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ். விளங்கவில்லை என்றால் எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாவமில்லை. ஒரு விஷயம், அம்மாவுக்கும் சொல்லலாம்: யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். நீங்கள் பள்ளிக்கூடத்தில் சைவசமயப் பாடத்தில் படித்த அதே நாவலர்தான்.

ஜெபத்தை மேடைக் குரலில் செய்யாதீர்கள். பாஸ்டரின் ஏற்ற இறக்கம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். அது வராத நாளில் ஜெபமே வரவில்லை என்று தோன்றும். அம்மாவோடு கதைக்கிற தமிழில் கதையுங்கள். ஒன்றும் வராவிட்டால் 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். கடவுள் தன்னை மறந்துவிட்டாரா என்று தாவீது நேராகவே கேட்கிறார். வறட்சி உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

ஞாயிறு லீவுக்காக வேலையை விடச் சொன்னால் கேட்காதீர்கள். கிழமை நாளில் நடக்கிற வீட்டுக்கூட்டம் ஒன்றைப் போதகரிடம் கேளுங்கள். அதைவிட முக்கியம், வயதில் மூத்த, குடும்பஸ்தரான ஒரு விசுவாசி. கிழமைக்கு ஒரு தரம் அவரோடு ஒரு பிளேன்டீ குடித்தால் போதும். உங்கள் முகம் வாடினால் அவருக்குத் தெரிய வேண்டும்.

சரி, அமாவாசை.

எனக்கும் இது நடந்தது. ஞானஸ்நானம் எடுத்த முதல் ஆடி அமாவாசைக்கு, விடிய அம்மாவோடு வாக்குவாதப்பட்டு, விக்கிரகம் அது இதென்று வசனம் அடுக்கிவிட்டு, உவர்மலையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு திரும்பி வந்தால், சோறும் காத்தோட்டிக்காய்ப் பொரியலும் ஒரு பீங்கானில் போட்டு இன்னொரு பீங்கானால் மூடியிருந்தது. அம்மா படுத்துவிட்டார், ஆனால் தூங்கவில்லை. வசனம் சரியாகத்தான் சொன்னேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு நாலு வருஷம் யாரும் என்னிடம் இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தர்ப்பணம் இறந்தவருக்காகச் செய்கிற வழிபாட்டுக் கிரியை. அதைச் செய்ய உங்கள் மனச்சாட்சி இடம் தராது என்றால் செய்யாதீர்கள். ஆனால் அன்று காலையில் சொல்லாதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே, யாரும் இல்லாத நேரம் பார்த்து, அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்: 'அம்மா, அது மட்டும் என்னால் ஏலாது. மிச்ச எல்லாம் நான் செய்வேன்.' அந்த மிச்சத்தை உண்மையாகவே செய்ய வேண்டும். மார்க்கெட்டுக்குப் போங்கள், வாழையிலை வாங்குங்கள், தேங்காய் துருவுங்கள், வருகிற சொந்தக்காரருக்குப் பரிமாறுங்கள். தம்பி இருந்தால் கிரியையை அவர் செய்யலாமா என்று அம்மாவிடமே கேளுங்கள். அப்பாவைப் பற்றி நாலு வார்த்தை சொல்லி, அவரைத் தந்ததற்காக நன்றி சொல்லி ஜெபிக்கலாம். அப்பாவை மறந்துவிட்டான் என்பதுதான் அம்மாவின் பயம்.

படைத்த சோற்றைச் சாப்பிடலாமா? சபைக்குச் சபை இதில் அபிப்பிராயம் வேறு. பவுல் இதற்காக 1 கொரிந்தியரில் 8 முதல் 10 வரை மூன்று அதிகாரம் செலவழித்திருக்கிறார். ஒரே வரியில் முடிக்கவில்லை, நானும் முடிக்கமாட்டேன். வாசித்துவிட்டு உங்கள் போதகரோடு கதையுங்கள். கூடவே 2 இராஜாக்கள் 5. புதிதாக விசுவாசித்த சீரியப் படைத்தலைவன் நாகமான், எஜமானான ராஜாவைக் கைத்தாங்கலாக அவர்கள் நாட்டுத் தெய்வமான ரிம்மோனின் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் குனிய வேண்டிவருமே என்று கலங்குகிறான். தீர்க்கதரிசி எலிசா பிரசங்கம் வைக்கவில்லை, சமாதானத்தோடே போ என்கிறார். எதையும் செய்யலாம் என்று இதற்கு அர்த்தமில்லை; புது விசுவாசியிடம் அந்தத் தீர்க்கதரிசி காட்டிய பொறுமையைத்தான் சொல்கிறேன்.

காணிக்கை பற்றியும் ஒன்று. அம்மாவின் மருந்துக்காசை எடுத்துக் காணிக்கை போடாதீர்கள். மாற்கு 7இல் கொர்பான், அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடுமையாகவே பேசியிருக்கிறார். நீங்கள் அந்த அதிகாரத்துக்கு வரும்போது பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

அமாவாசைக்கு லீவு இப்போதே கேளுங்கள். சீசனில் கடைசி நேரத்தில் கேட்டால் தரமாட்டார்கள்.