தலைவலி போனது, முதுகுவலி வந்தது

கேள்வி: சிசேரியனுக்காக முதுகில் ஊசி போட்டார்கள். மறுநாளிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே தலை பிளந்தது, படுத்தால் நின்றது. மூன்றாம் நாள் என் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்தினார்கள். தலைவலி போய்விட்டது. இப்போது முதுகும் இடுப்பும் வலிக்கின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டாம் அம்மா. ஊசித் துளை வழியே தண்டுவட நீர் கசிந்ததால் வந்த தலைவலி அது. துளையை அடைக்கத்தான் சுமார் 20 மில்லி ரத்தத்தை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே செலுத்துகிறோம். அது அங்கே தேங்கி அழுத்துவதால் சில நாட்கள் வலிப்பது சகஜம். நான் செலுத்தும்போது, “முதுகு இறுகுது டாக்டர்” என்று சொன்னால் உடனே நிறுத்திவிடுவேன். சிரிஞ்சில் மிச்சமிருந்தாலும் சரி!

பாராசிட்டமால் போடலாம், பாலூட்டத் தடையில்லை. குனிந்து கனமானதைத் தூக்காதீர்கள்.

இப்படி ரத்தம் செலுத்திய பிறகு சிலருக்கு வேறு விதமான தலைவலி வரும்: படுத்தால் கூடும், எழுந்தால் குறையும். தலைக்குள் அழுத்தம் ஏறியதன் அடையாளம் அது. மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆனால் காய்ச்சல், கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் பிரியாமல் போவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். கிருமித்தொற்றோ ரத்தக்கட்டோ நரம்பை நெரிக்கலாம். அப்போதே கிளம்புங்கள்.