சின்ன டிராக்டரில் முன் லோடர்: ஸ்டீயரிங் தாங்குமா? கேள்வி பதில்

லோடர், பம்பு, ஸ்டீயரிங், முன் அச்சு இந்த நான்கும்தான் எனக்குத் தெரிந்த வேலை. அதற்குள் கேட்டால் விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என் டிராக்டரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. லோடர் மாட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவே 1.6 மீட்டர் என்று வையுங்கள். பக்கெட்டில் 400 கிலோ மண், முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன் சக்கரங்களில் எவ்வளவு ஏறும்? 700 கிலோ. மண்ணின் 400 போக, மீதி 300 கிலோ பின் அச்சிலிருந்து பிடுங்கப்பட்டு முன்னால் வருகிறது. லோடரின் சொந்த எடை தனி.

அந்தப் பாரத்தைக் கையால் திருப்பினால் முதலில் தோள் வலிக்கும். அப்புறம் ஸ்டீயரிங் பாக்ஸின் பற்கள், முன் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராட் கம்பியின் எண்ட், சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னின் புஷ் என்று ஒவ்வொன்றாகத் தேயும். சக்கரம் கல்லில் மோதினால் அந்த அடி நேராக ஸ்டீயரிங் வளையத்துக்கு வரும், கட்டைவிரல் உள்ளே இருந்தால் முறுக்கிவிடும். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள் என்றால் பாதி பக்கெட்டோடு நிறுத்துங்கள். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள், வண்டி மெல்ல உருளும்போது திருப்புங்கள். இதை எல்லாருக்கும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

கேள்வி: பவர் ஸ்டீயரிங் இருக்கிறது. அந்தப் பம்பிலிருந்தே லோடருக்கு ஆயில் எடுக்கலாம் என்கிறார் ஃபிட்டர்.

பதில்: ஸ்டீயரிங் வால்வு ஒரு சுற்றுக்கு 100 சிசி ஆயில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 சுற்று வேகத்தில் திருப்பினால் 8 லிட்டர் போதும். ஸ்டீயரிங்குக்குத் தனிப் பம்பு இருந்தால் அது அந்த அளவுக்குத்தான் இருக்கும். லோடரைத் தூக்க 50 மி.மீ. விட்டத்தில் இரண்டு சிலிண்டர், 40 செ.மீ. நீள ஓட்டம் என்றால் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். 8 லிட்டர் பம்பில் ஒருமுறை தூக்கவே 12 விநாடி ஆகும். அந்த 12 விநாடியும் ஸ்டீயரிங் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். லோடருக்கு வேண்டிய அழுத்தத்தை அந்தப் பம்பின் ரிலீஃப் வால்வு, அதாவது அழுத்தம் அளவு மீறாமல் ஆயிலைத் திறந்துவிடும் வால்வு, பெரும்பாலும் தரவும் தராது.

ஸ்டீயரிங் பம்பைத் தொடாமல், பின்னால் கலப்பையைத் தூக்கும் த்ரீ பாயிண்ட் லிஃப்டுக்குப் போகும் பெரிய பம்பிலிருந்து எடுங்கள். வண்டியில் ஒரே பம்புதான் என்றால் நடுவே பிரையாரிட்டி வால்வு இருக்க வேண்டும். அது ஸ்டீயரிங்குக்கு முதலில் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லோடர் வால்வுக்கு அனுப்பும். லோடர் வால்விலிருந்து லிஃப்டுக்குப் போகும் வழி பவர் பியாண்ட் துளையாக, அதாவது அழுத்தத்தோடு ஆயிலை அடுத்த வால்வுக்குக் கடத்தும் துளையாக இருக்கட்டும். டேங்குக்குத் திரும்பும் துளையில் லிஃப்டை இணைத்தால், அழுத்தம் தாங்காத பக்கத்தில் அழுத்தம் ஏறி வால்வின் உடலே பிளக்கலாம்.

கசிவு தேடும்போது ஹோஸ் மேல் விரலை ஓட்டாதீர்கள். ஊசிமுனை ஓட்டையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: பின் டயரில் தண்ணீர் நிரப்பிவிட்டேன். இனி ஸ்டீயரிங் லேசாகிவிடும்தானே?

பதில்: ஆகாது. அந்த எடை பின் அச்சுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறது. முன் அச்சிலிருந்து ஒரு கிலோவைக்கூட அது எடுக்காது.

அவரே மீண்டும்: நிரப்பிய பிறகு வண்டி ஆடுவதே இல்லை. நீங்கள் சொல்வது தவறு.

பதில்: ஆட்டம் குறைந்தது உண்மை. பின் சக்கரம் தரையை விட்டு எழாது, பிரேக்கும் பிடிக்கும், நல்லதுதான். ஆனால் நீங்கள் கேட்டது ஸ்டீயரிங்கை. பக்கெட்டை நிரப்பி, எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். பின் டயரில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே எண்தான் காட்டும். அடுத்து, பின் அச்சுக்கு 0.8 மீட்டர் பின்னால் த்ரீ பாயிண்டில் 400 கிலோ பெட்டியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்னால் 200 கிலோ குறையும்.

இன்னொருவர்: அப்படித் தொங்கவிட்டால் பின் அச்சு உடையும், நான் பார்த்திருக்கிறேன்.

பதில்: அந்தப் பயம் நியாயமானது, அதனால் இதையும் கணக்குப் போடுவோம். 400 கிலோ பெட்டி பின் அச்சில் 600 கிலோவாக ஏறும். நிறைந்த பக்கெட் அங்கிருந்து 300 எடுத்துவிடுவதால் நிகரம் 300தான். பக்கெட் காலியாக இருக்கும்போது கிட்டத்தட்ட முழு 600ம் உட்காரும். கையேட்டில் பின் அச்சுக்குக் கொடுத்த வரம்பை அந்த நிலைக்குப் பார்த்து, பெட்டியின் எடையை முடிவு செய்யுங்கள். டயரில் தண்ணீரும் வையுங்கள், பெட்டியும் வையுங்கள். இரண்டின் வேலையும் வேறு.

கேள்வி: ஸ்டீயரிங் ரிலீஃப் வால்வில் ஒரு வாஷர் கூடுதலாக வைத்தால் லேசாகுமாமே?

பதில்: அப்படி வாஷர் வைத்த வண்டி ஒன்று என்னிடம் வந்தது. லோடு பக்கெட்டோடு, நின்ற இடத்தில் ஃபுல் லாக் வரை, அதாவது இனி திரும்பாது என்கிற கடைசி வரை திருப்பியிருக்கிறார்கள். டை ராட் வில் மாதிரி வளைந்து, சக்கரம் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு நின்றன. டை ராட் எண்டின் கழுத்தில் முடி அளவு விரிசல், நகத்தால் தடவினால்தான் தெரிந்தது. சாலையில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அந்த வால்வின் அழுத்தத்துக்கு ஏற்றபடிதான் சிலிண்டர், ஹோஸ், ராட் எல்லாம் செய்திருக்கிறார்கள். கை வைக்காதீர்கள்.

கேள்வி: மெல்லிய வாஷர் என்றால் பரவாயில்லையா?

பதில்: கூடாது. மேலே இருக்கும் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஸ்டீயரிங் இறுக்கம், ரிலீஃப் அழுத்தத்தைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் முன் டயர் காற்றைப் பாருங்கள், பின்னால் பெட்டி மாட்டுங்கள், உருட்டிக்கொண்டே திருப்புங்கள்.

கேள்வி: லோடர் மாட்டியதிலிருந்து பேட்டரி இறங்குகிறது.

பதில்: ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஃபுல் லாக்கில் டயர் லோடர் தூணில் உரசுகிறது. சமதளத்தில் பார்த்தபோது இடைவெளி இருந்ததே?

பதில்: நல்ல கேள்வி. முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊசலாடுகிறது, சமதளத்தில் அது தெரியாது. ஒரு முன் சக்கரத்தைக் கனமான மரக்கட்டை மேல் ஏற்றி, பக்கெட்டைத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் ஃபுல் லாக் வரை திருப்பிப் பாருங்கள். அப்புறம் மற்ற சக்கரத்தை ஏற்றி இதையே செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி இறங்கி, டயர், ஹோஸ், டிராக் லிங்க் (ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி) மூன்றுக்கும் தூணுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையாவிட்டால் அச்சில் உள்ள ஸ்டாப் போல்ட்டை வெளியே திருகி லாக்கைக் குறையுங்கள். திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதாகும். நான்கு சக்கர இயக்கம் என்றால், உரசுகிறதே என்று முன் டயரை மட்டும் சின்ன அளவுக்கு மாற்றிவிடாதீர்கள், முன் பின் சக்கர விகிதம் கெட்டு முன் கியர்கள் தேய்ந்துபோகும்.